சாவு வீட்டுக்கு அப்பா மட்டும் வந்தார்

கேள்வி:

வட மாவட்டம் ஒன்றில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம்தான். பிப்ரவரி 9 அன்று கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தோம். மாணவர்கள் பதாகை பிடித்துப் பேருந்து நிலையம் வரை ஊர்வலம் போனார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், இருளர் வீட்டுப் பிள்ளை, தயங்கித் தயங்கி வந்தான். “சார், எங்கப்பா அம்மா செங்கல் சூளையிலதான் இருக்காங்க. அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. அதுவும் இதுல வருமா?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

தீபாவளி சமயத்தில் மேஸ்திரி மூலமாக 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். போன வருஷப் பாக்கி 15,000 அதோடு சேர்ந்துகொண்டது. வாரத்துக்கு 800 ரூபாய் செலவுக்குத் தருகிறார்களாம். அவனுடைய 12 வயதுத் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள், பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. யாரும் அடிப்பதில்லை, முதலாளி நல்ல மாதிரிதான் என்கிறான். ஜனவரியில் பாட்டி இறந்தபோது அப்பா மட்டும் வந்து, காரியம் முடிந்த கையோடு திரும்பிவிட்டார்.

“அவங்களா விரும்பி வாங்கின காசு, நமக்கெதுக்கு சார் வம்பு? இன்னிக்கு மீட்டா அடுத்த வருஷம் வேற சூளைக்குப் போயிடுவாங்க” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். இது கொத்தடிமைத்தனமா, வெறும் வறுமையா? நான் என்ன செய்யலாம்? செய்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து வருமா?

(பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளன)

பதில்:

உங்கள் மாணவரின் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: வரும்.

கடன் தொகையையும் அடி உதை இல்லை என்பதையும் நீங்கள் முக்கியமாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட விஷயம். மாமியார் செத்ததற்கு மருமகள் வரவில்லை, பேத்தி வரவில்லை, மகன் மட்டும் வந்தார், வந்தவர் உடனே திரும்பினார். சூளை வேலை தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லிப் பாருங்கள், மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் வெளியே போனால் மற்றவர்கள் சூளையில் இருக்க வேண்டும். கடனுக்கு ஈடு நகையோ நிலமோ அல்ல, ஆள்.

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் இதைத்தான் பார்க்கிறது. முன்பணம் வாங்குவது குற்றமல்ல. நானும் நீங்களும்கூட வேலை செய்யும் இடத்தில் வாங்கியிருப்போம். வாங்கிய முன்பணத்துக்காகக் கூலியே இல்லாமலோ பெயருக்கு ஒரு கூலிக்கோ உழைக்க வேண்டியிருந்தால், அல்லது வேறு வேலைக்குப் போகும் உரிமை பறிபோனால், அல்லது நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை பறிபோனால், அல்லது தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை பறிபோனால் அது கொத்தடிமை முறை. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். அடி உதை, பூட்டிய அறை, சங்கிலி இவை எதுவும் அந்த வரையறையில் இல்லை. உங்கள் மாணவர்கள் வரைந்த பதாகையில் சங்கிலியிட்ட கை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், அநேகமாக எல்லாப் பதாகையிலும் அதுதான் இருக்கிறது. அந்தப் படத்தைக் கைவிடச் சொல்லுங்கள். அதைப் பார்த்துப் பழகிய அதிகாரி சூளைக்குப் போய்ச் சங்கிலியைத் தேடுகிறார், காணவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டு வந்துவிடுகிறார்.

கூலிக் கணக்கையும் பார்ப்போம். சூளையில் 1000 கல்லுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து புருஷனும் பெண்டாட்டியும் மண்ணைக் குழைத்து, அச்சில் அடித்து, வெயில் ஏறும்வரை கல் அறுக்கிறார்கள். காய்கிற கல்லைத் திருப்பிப் போடுவது பிள்ளைகளின் வேலை. பிஞ்சுக் கையில் பச்சைக் கல் உடையாது என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். மழையில் கரைந்த கல் கணக்கில் வராது. வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசு போக மீதியைக் கடனில் கழிப்பதாகச் சொல்லப்படும். எவ்வளவு கழிந்தது என்பது சீசன் முடிந்து கணக்கு முடிக்கும் அன்றைக்கு முதலாளியின் நோட்டைத் திறந்தால்தான் தெரியும். அந்த நோட்டில் உங்கள் மாணவரின் பெற்றோருக்குப் போன வருஷம் 15,000 பாக்கி விழுந்திருக்கிறது. ஒரு சீசன் முழுக்க இரண்டு பேர் உழைத்தும் கடன் தீரவில்லை என்றால் கூலி என்று ஒன்று அங்கே இருந்ததா என்பதுதான் கேள்வி. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கு அது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் சகாக்களின் “விரும்பித்தானே வாங்கினார்கள்” என்ற வாதத்துக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. கூடுதலாக ஒன்று: மேஸ்திரி ஆளைச் சேர்த்து, கூட்டிப்போய், சூளையில் ஒப்படைத்தது ஆள்கடத்தலாகவும் ஆகக்கூடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 370, மிரட்டியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்காக ஆள் சேர்ப்பதை ஆள்கடத்தல் என்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஊர்வலம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அன்று ஊர்வலம் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் உங்களிடம் வந்திருக்க மாட்டார். ஆனால் இந்த நாட்டில் கொத்தடிமை முறையை அசைத்துப் பார்த்தது பெரும்பாலும் காகிதம்தான். மேலே சொன்ன 1982 வழக்கு ஒரு கடிதத்தில் தொடங்கியது. ஹரியானாவின் ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா அனுப்பியதும் ஒரு கடிதம்தான். நீதிபதி பி.என். பகவதி அதையே மனுவாக ஏற்று, குவாரிக்கு ஆணையர்களை அனுப்பி உண்மை நிலையை அறிந்துவரச் செய்தார். ஒருவர் கட்டாய உழைப்பில் இருக்கிறார் என்று தெரிந்தால், முன்பணம் வாங்கித்தான் அப்படி இருக்கிறார் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு என்று 1983 டிசம்பரில் வந்த தீர்ப்பு சொன்னது. மீட்டவர்களை அப்படியே விட்டுவிட்டால் திரும்பவும் அதே குழியில்தான் விழுவார்கள் என்பதை நீதிமன்றம் அழுத்திச் சொன்னது 1984-இல், நீரஜா சௌத்ரி என்ற பத்திரிகையாளர் எழுதிய இன்னொரு கடிதத்தால்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலமே சாட்சி. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் 1995-இல் அறிக்கை கொடுத்தார்கள். அரசுக் கணக்கில் இதுவரை அடையாளம் காணப்பட்டவர்கள் 65,000 சொச்சம். இந்த இடைவெளியில் இருப்பவர்கள் எல்லாரும் விடுதலையாகிவிட்டவர்கள் அல்ல, விடுவிப்புச் சான்றிதழ் என்ற தாளில் பெயர் ஏறாதவர்கள். கொத்தடிமையாக இருந்தவரை அரசு நம்புவது அந்தத் தாள் இருந்தால்தான். அதில் கையெழுத்துப் போடுபவர் கோட்டாட்சியர் அல்லது ஆட்சியர். மீட்பு, வழக்கு, மறுவாழ்வு மூன்றும் அதிலிருந்துதான் புறப்படுகின்றன.

அந்தக் கையெழுத்து விசாரணையில் கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தது. நான் உடனிருந்த ஒரு விசாரணையைச் சொல்கிறேன். சூளை அலுவலகத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை எல்லாருக்கும் குளிர்பானம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குறாங்களா?” என்று கேட்டார். அந்த அம்மா கணக்குப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு “இல்லீங்க” என்றார். எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஆள், அதே கேள்வி, அதே பதில். இப்படியே நாலைந்து பேர் ஆன பிறகு, கூட வந்திருந்த தொழிலாளர் சங்கத்துக்காரர் அதிகாரியிடம் அனுமதி கேட்டு, அந்த அம்மாவைக் கல் அடுக்கின் மறுபக்கம் கூட்டிப்போனார். நானும் போனேன்.

“பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்களாம்மா?”

“போனோங்க.”

“எல்லாருமா?”

“பெரியவன இங்க விட்டுட்டுப் போகச் சொன்னாங்க.”

“நாளைக்குப் பக்கத்துச் சூளையில கூடுதலா கூலி தர்றாங்கன்னா போவீங்களா?”

சிரித்துவிட்டார். “அதெப்படிங்க விடுவாங்க?”

இந்தப் பதில்கள் வாக்குமூலத்தில் ஏறிய பிறகுதான் விசாரணை விசாரணையானது. முதலாளி இல்லாத இடம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, நடமாட்டத்தையும் வேறு வேலைக்குப் போவதையும் பற்றிய கேள்விகள். இவை மூன்றையும் கேட்டு வாங்குவதுதான் உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஆகவே, முதலில் மாணவரிடம் பேசி, அவர் வழியாகப் பெற்றோரின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவிடம் போன் இருந்தால் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். அது யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நீங்கள் நேராகச் சூளைக்குப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தகவல் கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக லாரி வரும், விடிந்தால் அங்கே ஆளே இருக்க மாட்டார்கள். உள்ளூர் அளவில் யாரிடமும் வாய் திறக்காமல் மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சூளை இருக்கும் மாவட்டத்தின் அதிகாரிகளுக்குத்தான் கொடுக்க வேண்டும், ஊர் இருக்கும் மாவட்டத்தில் அல்ல. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம், கட்டணமில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கு இந்த வேலையில் நீண்ட அனுபவம் உண்டு. தனியாக இறங்குவதைவிட அப்படி ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. தங்கைக்கு 12 வயது என்பதை மனுவில் தனியாக எழுதுங்கள். அந்தப் பெண் “ஒத்தாசைக்கு” இருக்கிறாள் என்று முதலாளி சொல்வார். அது குடும்பத் தொழிலும் அல்ல, அவருடைய குடும்பமும் அல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் மீட்பு நாளன்றே சொல்லிவிட வேண்டும்.

மனுவில் சட்டப் பிரிவுகளையும் குறிப்பிடுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 1976 சட்டத்தில் தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம். அபராதம் வசூலானால் அதிலிருந்து தொழிலாளிக்கு அவர் கொத்தடிமையாக இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 5 ரூபாய் கொடுக்கச் சொல்கிறது! அரை நூற்றாண்டாக யாரும் அந்தத் தொகையைத் தொட்டதாகத் தெரியவில்லை. இந்தச் சட்டத்தை மட்டும் போட்டால் முதலாளிகள் அதைத் தொழில் செலவாக நினைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆள்கடத்தல் பிரிவு அப்படியல்ல. அங்கே தண்டனை ஏழாண்டில் தொடங்குகிறது, ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தாலோ குழந்தை இருந்தாலோ பத்தாண்டு முதல் ஆயுள் வரை. இருளர் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் பொருந்தும், முதலாளி அந்தப் பட்டியல்களில் வராதவராக இருக்கும் பட்சத்தில். முதல் தகவல் அறிக்கையில் இவை ஏறுகின்றனவா என்று பார்ப்பதற்கு ஓர் ஆள் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அலுப்பான வேலைதான், செய்ய ஆள் கிடைப்பதில்லை.

கடன்? விடுதலை ஆன நொடியில் அது செத்துவிடுகிறது. 55,000-இல் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டாம். அதன்பிறகும் முதலாளி வசூலித்தால் அதுவே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளிதான். 1976 சட்டத்தின் பதினைந்தாவது பிரிவு அது. பல அதிகாரிகளுக்கே இது தெரியாது, மனுவில் அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

ஆபத்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. முறையாக மீட்டு, போலீஸ் துணையோடு ஊருக்கு அனுப்பி, வழக்கும் பதிவானால் பெரிய சூளைக்காரர்கள் பொதுவாக ஒதுங்கிவிடுகிறார்கள். தொல்லை கொடுப்பவர் மேஸ்திரி. அவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், சில சமயம் உறவுக்காரர். முதலாளி தன் பணத்துக்கு அவரைத்தான் பிடிப்பார். அதனால் அவர் பெயரும் வழக்கில் இருப்பது பாதுகாப்பு. சமரசம் பேசி, “கடனை விட்டுட்றோம், கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவைக்கும் மீட்புகள்தான் உண்மையில் ஆபத்தானவை. சான்றிதழும் கிடையாது, வழக்கும் கிடையாது, பகை மட்டும் மிச்சம்.

“அடுத்த வருஷம் வேறு சூளைக்குப் போய்விடுவார்கள்” என்று உங்கள் சகாக்கள் சொன்னது முழுப் பொய்யல்ல. அப்படிப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாடே பார்த்தது. அவர் வாங்கியிருந்த கடன் 1000 ரூபாய் என்று செய்திகள் சொல்லின. அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் அந்தக் குடும்பங்களில் அடுப்பு எரிகிறதா என்று கேட்டிருப்பார்கள்? மீட்பு நாளில் கேமரா வரும். மூன்றாம் மாதம் மேஸ்திரி வருவார், கையில் அட்வான்ஸோடு.

அந்த மூன்று மாதத்தைத் தாண்ட வைப்பதற்குத்தான் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது. சான்றிதழ் பெற்றவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை. அதன்பின் ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம். இதில் உங்கள் மாணவரின் தங்கையும் தனி ஆளாகக் கணக்கில் வருவாள், அம்மாவின் மடியில் சேர்த்துவிட விடாதீர்கள். பெரிய தொகை வழக்கு முடிவைப் பார்த்துத்தான் முழுதாகக் கைக்கு வரும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உடனடித் தொகையை இழுக்க எந்தக் காரணமும் இல்லை, ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்காகக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் தனி நிதி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சூளை ஒரு மாவட்டம், ஊர் இன்னொரு மாவட்டம் என்றால் கோப்பு நடுவழியில் தூங்கிவிடும். ஆதார் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, சாதிச் சான்று இல்லை என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புவார்கள். இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்று வாங்குவது எத்தனை பெரிய பாடு என்று உங்கள் மாணவரே சொல்வார். கல்லூரியில் சேர அவர் அலைந்திருப்பார்.

உங்கள் மாணவர் படை இங்கேதான் வேண்டும். நான்கு பேர், ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுத்து, ஆதாரிலிருந்து ரேஷன் அட்டை, வீட்டு மனைப் பட்டா வரை ஒவ்வொரு மனுவாக எழுதி, ஒப்புகைச் சீட்டை ஒரு கோப்பில் சேர்த்துவந்தால் போதும். விடுதலையானவர்களுக்கே தொழில் வைத்துக்கொடுப்பதும் நடக்காத காரியமில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் விடுவிக்கப்பட்ட இருளர் குடும்பங்களே நடத்தும்படி ‘சிறகு’ என்ற பெயரில் செங்கல் சூளைகளை மாவட்ட நிர்வாகம் அமைத்துக் கொடுத்தது. அதே மண், அதே அச்சு. கணக்கு நோட்டு மட்டும் அவர்கள் கையில்.

இன்னொரு வேலையும் உண்டு. கொத்தடிமை முறையைக் கண்காணிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் கோட்டத்திலும் விழிப்புக் குழு இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினரில் மூன்று பேரும் சமூகப் பணியாளர்கள் இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 13-ஆவது பிரிவே சொல்கிறது. உங்கள் மாவட்டக் குழுவில் இருப்பவர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், நடவடிக்கைக் குறிப்பின் நகல் தருக என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். பல மாவட்டங்களில் இந்தக் கேள்வி போன பிறகுதான் குழு கூட்டவே தேதி குறிப்பார்கள். காலியிடம் இருந்தால் உங்களை நியமிக்கச் சொல்லி ஆட்சியருக்கு எழுதுங்கள். கல்லூரி முதல்வர் முகம் சுளித்தால், உறுதிமொழியின் தொடர் நடவடிக்கை என்று சொல்லிவிடலாம்.

காலம் அதிகம் இல்லை. மழை தொடங்கினால் சூளை நின்றுவிடும், கணக்கு முடித்து அடுத்த சீசனுக்கு மறுபடி அட்வான்ஸ் பேசிவிடுவார்கள், சாட்சிகளும் ஆளுக்கொரு ஊராகச் சிதறிவிடுவார்கள். பெற்றோர் சரி என்றால் மனு இந்த மாதத்துக்குள் போக வேண்டும். மனுதாரராக உங்கள் பெயர் இருக்கட்டும், மாணவரின் பெயர் எங்கும் வர வேண்டாம். அவர் தனியாக இருப்பவர், மேஸ்திரிக்கு வழி தெரியும்.